எழும்பாத பெட்டி

நவம்பர் 9, சனி

'சந்தன மாதா' போட் விடியக்காலமே போயிட்டுது, என் வீட்டுக்காரரும் அதுலதான். நான் கரைக்குப் போகல. துணி ஊறப்போட்டிருந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை. பிரசங்கம் ரொம்ப நீளம். சாயங்காலம் மீனவர் சங்க ஆபீஸுக்குப் போய் வழக்கம்போல எல்லா போட்டுக்கும் வானிலைச் செய்தி அனுப்பினேன். காத்து, அலை, நீரோட்டம், அவ்வளவுதான். மத்த நேரம்னா 'சந்தன மாதா'வுக்கு மட்டும் அடியில ஒரு வரி சேர்ப்பேன். சாப்பிட்டீங்களா, முதுகுவலி எப்படி இருக்குன்னு ஏதாவது. இந்தத் தடவை சேர்க்கல.

அவியளுக்குத் துறைமுகத்துல கிரேன் ஓட்டுற வேலைக்கு நேர்காணல் வந்திருந்துது. "போனேன், வேற ஆளை எடுத்துட்டானுவ"ன்னு எங்கிட்ட சொன்னாவ. நானும் நம்பி, பாவம்னு மீன் வறுத்துப் போட்டேன். கடைசில பார்த்தா அன்னிக்குப் பூரா மன்றத்துல உக்காந்து கேரம் ஆடியிருக்காவ. கிளம்புற நாளைக்கு முந்தின சாயங்காலம் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. இப்படிப் புளுகுற மனுஷனுக்கு நான் எதுக்கு முதுகுவலி விசாரிக்கணும்?

நவம்பர் 11, திங்கள்

அத்தைக்கு பிரஷர் மாத்திரை வாங்கினேன். வானிலை அனுப்பினேன். வேற வரி எதுவும் சேர்க்கல.

நவம்பர் 12, செவ்வாய்

ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. காலையில ஆன் பண்ணினேன், பட்டுன்னு ஒரு சத்தம், கருகின வாடை. மூடியைக் கழட்டினா உள்ள பூரா துரு. உப்புக்காத்து எதைத்தான் விட்டுவைக்குது?

செயலாளர் கொரைரா மாமா வந்து எட்டிப் பார்த்தாவ. "இதுக்குள்ள கன்டெய்னர் இருக்குன்னு சொல்லுவியே, அது எங்கம்மா? ஹார்பர்ல கிடக்குதே, அந்த மாதிரி ஒண்ணையும் காணல."

நூறு தடவை சொல்லியாச்சு. லினக்ஸ் ஓடுற கம்ப்யூட்டருக்குள்ள தனியா அடைச்சு வச்ச ஒரு குட்டி கம்ப்யூட்டர் மாதிரி அது. போட்கள்ல இருக்கிற சாட்டிலைட் கருவில எதை அமுக்கினாலும் அந்தப் பெட்டிக்குள்ளதான் வந்து விழும். இங்கேயிருந்து நாம அனுப்புறதும் அது வழியாத்தான் போகும். வயர்லெஸ் கொஞ்ச தூரத்துக்குத்தான் எட்டும். தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கா கடல்லயே கிடந்து மீன்பிடிக்கப் போனவங்களுக்கும் கரைக்கும் நடுவுல இருக்கிறது இது ஒண்ணுதான். மாமா தலையை ஆட்டினாவ. நாளைக்கு மறுபடி கேப்பாவ.

டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற லிங்கராஜ்கிட்ட பழைய டிஸ்க்கைக் கொடுத்திருக்கு. புது மெஷின்ல எல்லாத்தையும் ஏத்தித் தாரேன்னு சொல்லியிருக்கார்.

நவம்பர் 14, வியாழன்

புது மெஷின் வந்துட்டுது. லிங்கராஜ் மாலை போட்டிருக்கார், நடை திறந்ததும் மலைக்குக் கிளம்புறாராம். "சாமி, சரியா ஓடுமா?"ன்னு கேட்டேன். "கன்டெய்னர் ரெடிங்க. போட் பதிவெல்லாம் உள்ள ஏத்திட்டேன். முத தடவை ஆன் பண்ணும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அடையாளம், சாவி எல்லாம் அதுவே செஞ்சுக்கும். தொந்தரவு பண்ணாம விட்டுடுங்க. பழைய டிஸ்க்கை நம்பாதீங்க, எடுக்கும்போதே கடகடன்னு சத்தம், இப்ப சுத்தவே இல்ல" என்றார்.

உடனே போட்டுப் பார்த்திருக்கணும். ஆனா மாமா பிளக்கைக் கையில எடுத்துவச்சுக்கிட்டாவ. புது எஞ்சினை மந்திரிக்காம யாராவது ஸ்டார்ட் பண்ணுவாங்களா, ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கட்டும், அதுக்கப்புறம் நீ பாத்துக்கோன்னு ஒரே பிடி.

"மாமா, இது எஞ்சின் இல்ல."

"கடல்ல போறவனுக்கு உதவுற எதுவா இருந்தாலும் எஞ்சின்தான்."

கடல் தட்டையா கிடக்கு, வானத்துல மேகம் இல்ல. ரெண்டு மூணு நாள்ல என்ன ஆகிடப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ரெண்டாம் பூசை முடிஞ்சு ஆபீஸ்ல மந்திரிப்பு. மெஷினுக்கு மாலை, பூ, மெழுகுவத்தி. சங்கத்துல சம்பளம் வாங்குற ஒரே கம்ப்யூட்டர் ஆள் நான். சுவிட்ச் போட்ட நேரத்துல பின்னாடி டம்ளர் கழுவிக்கிட்டிருந்தேன். "பொம்பளைங்க டீயைப் பாருங்க"ன்னுட்டாங்களே, என்ன செய்ய?

நான் தட்டை ஏந்திட்டு வந்தப்ப எல்லாரும் கைதட்டி முடிச்சு லட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. திரையில வெளிச்சம். மாமா முகத்துலயும் வெளிச்சம். "ரெண்டு தரம் எடுத்துப் பாத்தாச்சும்மா. ஒரே கிக்குல புடிச்சுது!"

ஆபீஸ் பூரா ஆளுங்க. உக்காரக்கூட இடமில்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

கன்டெய்னர் எழும்பல.

மெஷின் நல்லா ஓடுது. உள்ள இருக்கிற பெட்டிதான் எழும்ப மாட்டேங்குது. ஸ்டார்ட் கொடுத்தா எழும்புற மாதிரி எழும்பி, நான் அடுத்த கட்டளை அடிக்கிறதுக்குள்ள படுத்துக்குது. மறுபடி கொடுத்தேன். மறுபடி படுத்துது. நடந்ததைக் குறிச்சு வைக்கிற லாக்கைப் பார்த்தா "தொடங்கியது", அதுக்கு அடுத்த வரி "நின்றது". ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. லிங்கராஜுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மனுஷன் மலையேறிட்டிருப்பார்.

மதியம் பிலோமி அக்கா வந்தாவ. அவங்க வீட்டுக்காரர் சூசை அண்ணனும் 'சந்தன மாதா'வுலதான் போயிருக்கார். "புது மெஷின் வந்துட்டுதாமே, எங்க வீட்டுல அவியகிட்ட இருந்து சேதி ஏதாவது உண்டா வினோ?"

"எல்லாம் ஒழுங்கா இருக்கு அக்கா. இன்னும் கொஞ்சம் செட்டிங் பாக்கி, அவ்வளவுதான்."

செட்டிங்னு ஒரு சொல் இருக்கே, யாரும் மேல கேக்க மாட்டாங்க. அக்கா நிம்மதியாப் போயிட்டாவ.

நவம்பர் 19, செவ்வாய்

ரேடியோவுல காத்தழுத்தத் தாழ்வுன்னு சொன்னான். தென்கிழக்கே. காலையில வெறும் தாழ்வு, சாயங்காலம் தாழ்வு மண்டலம் ஆயிட்டுது.

நான் நாள் பூரா இந்தச் சனியன் முன்னாடி. முதல்ல நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன். பெட்டிக்கும் மெஷினுக்கும் நடுவுல பாலம் ஒழுங்காத்தான் இருக்கு. அப்புறம் உரிமைகள். உள்ள இருக்கிற ஃபைலுங்க வேற யார் பேர்லயாவது கிடக்கான்னு பார்த்தேன், சரியா இருக்கு. மெமரி பத்தலையோன்னு கூட்டிக் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கிட்டுப் படுத்துது.

இந்தப் பெட்டியை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு செய்யலாம். ஆனா போட் கருவிகளோட பதிவு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. பழைய டிஸ்க் சுத்தாது. அழிச்சேன்னா எந்தக் கருவி எந்தப் போட்டுன்னே தெரியாமப் போயிடும். அழிக்கிற கட்டளையை அடிச்சு வச்சுட்டு, என்டர் தட்டாம, ஒவ்வொரு எழுத்தா திரும்ப அழிச்சேன்.

அத்தை சாப்பாடு போட்டுட்டு, "அவன் என்ன சொல்லுதான்?"னு கேட்டாவ. நல்லாயிருக்காவளாம்னு சொன்னேன். பொய் சொல்றதுல அவியளை மிஞ்சிட்டேன்.

நவம்பர் 20, புதன்

புயல்ங்கிறான். பேரும் வச்சுட்டான்.

கிட்டத்துல கிடந்த போட்டுங்க வயர்லெஸ்ல ஒண்ணுக்கொண்ணு சொல்லி வலையைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டிருக்கு. 'ஜோர்தான்' தூரத்துல கிடக்கு, ஆனா நடுவுல உள்ள போட்டுங்க வழியா பேசுறாங்க. 'சந்தன மாதா'வை யாரும் பார்க்கல. கூப்பிட்டா பதிலும் இல்ல.

ஆபீஸ் படியில பொம்பளைங்க வந்து உக்காந்துட்டாங்க. யாரும் சத்தம் போடல. ஜெபமாலை உருட்டுறாங்க. நான் கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். வெளிய "அருள் நிறைந்த மரியே" கேக்குது, உள்ள நான் ஸ்டார்ட் கொடுக்கிறேன், அது படுக்குது. திரும்பவும் கொடுக்கிறேன், திரும்பவும் படுக்குது. ஒரு கட்டத்துல மேஜையை ஓங்கிக் குத்திட்டேன். வெளிய ஜெபம் நின்னுபோச்சு. "ஒண்ணுமில்ல, ஸ்டூல் விழுந்துது"ன்னு உள்ளேயிருந்தே கத்தினேன்.

பிலோமி அக்கா மட்டும் கதவைத் திறந்து நின்னாவ. "செட்டிங் முடியலையா வினோ?"

நான் திரும்பிப் பார்க்கல. பார்த்திருந்தா அழுதிருப்பேன்.

பயமா இருக்கு. எல்லாப் போட்டுக்காகவும்தான். ஒரு போட்டுக்காக மட்டும்னு இல்ல.

நவம்பர் 21, வியாழன்

பின்னாடி படிச்சா எனக்கே புரியணும், அதனால நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

காலையில வேற மாதிரி பார்த்தேன். பெட்டியை எழுப்புறதை விட்டுட்டு, அதோட டிஸ்க்கை மட்டும் வெளியிலிருந்து திறந்து, ஃபோல்டர் ஃபோல்டரா உள்ள போனேன். சாவின்னா ரகசிய எழுத்துங்க அடங்கின ஒரு ஃபைல், அதை வைக்கிற இடத்துல அது இருக்கு. அளவைப் பார்த்தேன். பூஜ்யம். பேர் இருக்கு, உள்ள ஒரு எழுத்துகூட இல்ல.

முதல் ஓட்டத்துல சாவி செய்யுற ஸ்கிரிப்டை எடுத்துப் படிச்சேன். அது ஃபைல் இருக்கான்னு மட்டுந்தான் பார்க்குது. இருந்தா, வேலை முடிஞ்சுதுன்னு தாண்டிப் போயிடும். உள்ள ஏதாவது இருக்கான்னு கேக்காது. அடுத்து வர்ற புரோகிராம் அந்த வெத்துச் சாவியைத் திறந்து பார்த்துட்டுச் சாகுது. அதோட சேர்ந்து பெட்டியும் சாகுது. அப்படின்னா சாவி எழுதிக்கிட்டிருந்த நேரத்துல கரண்ட் போயிருக்கணும். ஃபைல் உண்டான நேரத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மந்திரிப்பு நேரம்.

"மாமா, அன்னிக்கு கரண்ட் போச்சா?"

"போகலையே."

"அப்ப யாராவது சுவிட்சை அணைச்சாங்களா?"

"நான்தான் அணைச்சேன். புது எஞ்சினை எடுத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்ற நேரம் ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி எடுக்கிறதுதானம்மா நம்ம வழக்கம். அன்னிக்கே சொன்னேனே, ரெண்டு தரம் எடுத்தோம்னு."

சொன்னாவதான். என் காதுலயும் விழுந்துச்சு. பெருமை பேசுறாவன்னு நினைச்சு லட்டு எடுத்துக் கொடுத்தேன்.

"கெடுத்துட்டீங்களே மாமா! ஒண்ணுக்கு ரெண்டா ஓட்டிக் கெடுத்துட்டீங்களே!" அவிய வயசுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மாமா நாற்காலியில உக்காந்து வேட்டி நுனியால முகத்தைத் துடைச்சாவ. "நான் நல்லதுக்குன்னுதானம்மா செஞ்சேன்."

வெத்து ஃபைலை அழிச்சேன். ஸ்டார்ட் கொடுத்தேன். பிளக் கிட்ட யாரும் வராதபடி சுவர்ல முதுகைச் சாய்ச்சு நின்னுக்கிட்டேன். காத்து அடிக்க ஆரம்பிச்சாச்சு, எந்த நேரமும் லைன்ல கரண்ட் போகலாம். அந்தோனியாரே, இப்பப் போகக் கூடாது, இப்பப் போகக் கூடாதுன்னு அது ஒண்ணைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். சாவி செஞ்சுது. அடையாளம் செஞ்சுது. எழும்பிட்டுது. படுக்கல.

உடனே மெசேஜ்கள் வந்து விழ ஆரம்பிச்சுது. இத்தனை நாளா நம்ம பெட்டி வாங்கிக்காததையெல்லாம் சாட்டிலைட்காரன் சேர்த்து வச்சிருந்திருக்கான். மத்த போட்டுங்களோடது பழசு. "வலை கிழிஞ்சுது", "ஐஸ் தீருது", இப்படி. அப்புறம் 'சந்தன மாதா'. வரிசையா அப்படியே எழுதி வைக்கிறேன்.

13ஆம் தேதி: "காத்து இல்ல. மீனும் இல்ல. அம்மா மாத்திரை போடுதாளா?"

15: "கிரேன் விஷயத்துல நான் சொன்னது பொய்தான். வந்து பேசுவோம்."

17: "எஞ்சின் சூடேறுது. மெதுவா ஓட்டுதோம்."

18: "எஞ்சின் நின்னுட்டுது. நீரோட்டம் இழுக்குது. இடம் அனுப்பியிருக்கேன். மாமாகிட்ட சொல்லி யாரையாவது அனுப்பு."

19: "வினோ, கிடைச்சுதா?"

19: "வினோ."

20: "குடிதண்ணி குறையுது. பேட்டரியும். உனக்குக் கோவம் என்மேலதானே. சூசை அண்ணன் என்ன பாவம் செஞ்சார்? அவருக்காகவாவது பதில் போடு."

மாமா என்னம்மா என்னம்மான்னு கேக்கிறது தூரத்துல எங்கேயோ கேட்டுது.

பிறகு எல்லாம் வேகமா நடந்துது. கடைசியா வந்த இடத்தை 'ஜோர்தான்' போட்டுக்கு அனுப்பினேன். அவங்கதான் கிட்ட இருக்காங்க. கிட்டன்னா என்ன கிட்ட, புயலைப் பார்த்துத் திரும்பி ஓடணும். கரைக்கு வந்துக்கிட்டிருந்த பயலுவ, ஒரு கேள்வி கேக்கல. "போறோம்"னு ஒத்தச் சொல் வந்துச்சு. மாமா கடலோரக் காவல்படைக்கு போன் போட்டு இடத்தைச் சொன்னாவ. கப்பலைத் திருப்புறதா சொல்லியிருக்காங்க.

அவியளுக்கு அடிச்சேன்: "கோவத்துல இல்ல. மெஷின் கெட்டுப்போச்சு. இப்பத்தான் எல்லாம் பாத்தேன். ஜோர்தான் வருது. லைட்டைக் காட்டுங்க." அனுப்பினா, "காத்திருக்கிறது" என்றே நிக்குது. கருவியை அணைச்சு வச்சிருக்காவளோ, பேட்டரி செத்துட்டுதோ.

படியில இருந்தவங்களுக்கு மெசேஜ்களை வாசிச்சுக் காட்டினேன். கடைசி ஒண்ணை மட்டும் வாசிக்கல. பிலோமி அக்கா என் கையைப் பிடிச்சு, "உயிரோடதானே இருக்காவ, அதைச் சொல்லு"ன்னாவ. நேத்து வரைக்கும் இருந்தாங்கன்னு சொன்னேன்.

நவம்பர் 22, வெள்ளி

மழை. கரண்ட் இல்ல. சங்க ஜெனரேட்டர்ல பெட்டி ஓடுது. டீசல் ஊத்தினேன், திரையைப் பார்த்தேன். "காத்திருக்கிறது."

'ஜோர்தான்' சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. அங்க யாரும் இல்ல. நீரோட்டம் போற திசையில தேடுறாங்களாம்.

அந்தக் கடைசி மெசேஜை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியல. நாலு பேரை நடுக்கடல்ல வச்சுக்கிட்டு, கிரேன் வேலைக்காகவா ஒருத்தி வாயை மூடிட்டு இருப்பா? கூட அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் அப்படியும் நினைப்பானா? நினைச்சிருக்காவளே. அப்படி நினைச்சுக்கிட்டே போயிட்டாவன்னா? எனக்குப் புயலைவிட அதுதான் பயமா இருக்கு.

நவம்பர் 23, சனி

கிடைச்சுட்டாங்க.

மதியம் 'ஜோர்தான்'ல இருந்து வந்துச்சு. கம்புல சட்டையைக் கட்டி ஆட்டினதைப் பார்த்திருக்காங்க. நாலு பேரும் உயிரோட இருக்காங்க. கயிறு கட்டி இழுத்துட்டு வர்றாங்க. புயல் வடக்கே ஏறிட்டுது, வால் மட்டும் அடிக்குது.

மாமா ஓடிப்போய்க் கோயில் மணியை அடிச்சாவ. நான் மேஜையில தலையைக் கவுத்து ஓன்னு அழுதேன். பிலோமி அக்கா பக்கத்துலயே உக்காந்திருந்தாவ.

நவம்பர் 25, திங்கள்

கரைக்குப் போனேன். ஊரே நின்னுது.

முதல்ல இறங்கினது சூசை அண்ணன். உதடு வெடிச்சு, கண்ணு குழிவிழுந்து, நடக்கவே தள்ளாடினார். பிலோமி அக்காகிட்டப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, என் தலையில கையை வச்சார். "விடு தாயி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நாங்க யாரும் மனசுல வச்சுக்கல."

போட்டுல நாலு பேரும் அப்படித்தான் நினைச்சிருக்காங்க. தண்ணியை அளந்து அளந்து குடிச்சுக்கிட்டு, என் கோவம் எப்பத் தணியும்னு காத்திருந்திருக்காங்க.

"அண்ணே, சத்தியமா மெஷின்தான். சாவி ஃபைல் பூஜ்யமா இருந்துச்சு, அதனால பெட்டி எழும்பல"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சு, "சரிம்மா சரிம்மா"ன்னு கன்னத்தைத் தட்டிட்டுப் போனார். மாமா குறுக்க வந்து தன் தப்புதான்னு ஊர் முன்னாடி சொன்னாவ. என்னைக் காப்பாத்தத்தான் மாமா சொல்றாவன்னு எல்லார் முகத்துலயும் எழுதியிருந்துச்சு.

அவிய கடைசியா இறங்கினாவ. என்னைப் பார்த்தாவ, என் தோளைப் பிடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தாவ.

வீட்டுல கஞ்சி ஊத்திக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடிச்சுட்டு நிறுத்தினாவ. நான் முழுசாச் சொன்னேன். மந்திரிப்பு, சுவிட்ச், வெத்துச் சாவி, படியில ஜெபமாலை, எல்லாம். திரையில இன்னும் "காத்திருக்கிறது"ன்னு நிக்கிற என் மெசேஜை போன்ல எடுத்த போட்டோவைக் காட்டினேன். அவிய மெதுவா ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாவ. நம்பிட்டாவ. முகத்துலயே தெரிஞ்சுது.

"நான் என்னென்னமோ நினைச்சுட்டேன் வினோ."

"நினைச்சதை வாசிச்சேன்."

தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. இன்னொரு மடக்கு குடிச்சாவ. அப்புறம் ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி நெத்தியைச் சுருக்கினாவ.

"மெஷின் என்னிக்குக் கெட்டுச்சு?"

"செவ்வாக்கிழமை."

"நாங்க போனது சனிக்கிழமையில்ல? ஞாயிறும் திங்களும் வானிலை வந்துச்சே. அடியில உன் வரி இல்ல. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அப்படித் தோணவே ஆரம்பிச்சுது. அந்த ரெண்டு நாளும்?"

கஞ்சிச் சட்டியை இறக்கி வச்சேன். சொல்லாம விட்டிருக்கலாம். அதுக்கும் ஏதாவது செட்டிங்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாவ.

"அது மெஷின் இல்ல. நான்தான்."

அவிய கிண்ணத்துல மிச்சம் இருந்ததைக் குடிச்சு முடிச்சாவ. வெளிய அத்தை யார்கிட்டயோ மகன் வந்துட்டான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாவ.

"இனிமே கோவம் வந்தா, கோவம்னாவது அனுப்பு"ன்னாவ.